300 கி.மீ. பறக்க எவ்வளவு நேரம்? விமானத் தூரமும் நேரமும்: ஒரு எளிய விளக்கம்

இரண்டு சின்ன விமான நிலையங்களின் பெயரைத் தேடுபொறியில் போட்டால் நொடியில் விடை வந்துவிடும். தூரம் 300 கி.மீ., பறக்கும் நேரம் 52 நிமிடம். அதே வழித்தடத்துக்கு விமான நிறுவனத்தின் கால அட்டவணையைத் திறந்தால் 1 மணி 15 நிமிடம் என்று இருக்கும். விமானங்களைப் பின்தொடரும் தளம் ஒன்றில் பார்த்தாலோ, நேற்றைய விமானம் வானில் இருந்தது 50 நிமிடம்தான் என்று காட்டும். அப்புறம் என்ன, "நிறுவனம் நேரத்தைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றுகிறது" என்று ஒரு தரப்பு, "தேடுபொறி சொல்வதெல்லாம் குப்பை" என்று இன்னொரு தரப்பு.

இந்த மூன்று எண்களுமே சரியாக இருக்க முடியும். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள். "தூரம்" என்று நாம் சொல்வதில் குறைந்தது இரண்டு தூரங்கள் ஒளிந்திருக்கின்றன. "நேரம்" என்பதில் அதைவிட அதிகம். நீண்ட தூரப் பயணத்தில் இந்த வேறுபாடுகள் கரைந்துவிடும். சின்ன விமான நிலையங்களுக்கு இடையிலான குறுகிய பயணத்திலோ அவையேதான் மொத்தக் கதையும்.

முதலில், எந்தத் தூரம்?

தளங்கள் காட்டும் தூரம் பெரும்பாலும் பெருவட்டத் தூரம். பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையே போகக்கூடிய மிகக் குறுகிய பாதை இது. ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகக் கிடக்கிறதோ, அதுதான் பெருவட்டப் பாதை. தட்டையான வரைபடத்தில் இதையே வரைந்தால் வளைந்து தெரியும். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் கிரீன்லாந்துப் பக்கம் போவதைத் திரையில் பார்த்து "ஏன் இப்படிச் சுற்றிப் போகிறார்கள்?" என்று பலர் கேட்பார்கள். சுற்றல் எதுவும் இல்லை. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்ததால் வந்த தோற்றம் அது.

300 கி.மீ. பயணத்தில் இந்த வளைவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்கு அதே கணக்குதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. இரண்டு புள்ளிகளையும் பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.யையும் சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். பூமி கச்சிதமான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் சிறு பிழை வரும், ஆனால் பயணிக்கு அது பொருட்டே இல்லை.

பொருட்டாக வேண்டியது அலகு. விமானத் துறை கிலோமீட்டரில் யோசிப்பதில்லை. அவர்களுடைய அலகு கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது சரியாக 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட். தரையில் பயன்படும் சாதாரண மைலோ சுமார் 1,609 மீட்டர். ஆக ஒரே 300 கி.மீ. ஓரிடத்தில் 186 மைல் என்றும், இன்னோரிடத்தில் 162 மைல் என்றும் வரும். "இந்தத் தளம் 24 மைல் குறைத்துச் சொல்கிறது" என்று கிளம்பும் குழப்பங்களில் பாதி இங்கிருந்து வருபவை.

இன்னொன்று. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கான தூரமும், நகரத்திலிருந்து நகரத்துக்கான தூரமும் ஒன்றல்ல. ஊருக்கு 30, 40 கி.மீ. வெளியே விமான நிலையம் இருப்பது உலகெங்கும் சாதாரணம். 10,000 கி.மீ. பயணத்தில் அது ஒன்றுமில்லை. 200 கி.மீ. பயணத்தில் அதுவே ஐந்தில் ஒரு பங்கு.

காகம் பறக்கும் பாதையில் விமானம் பறக்காது

சரி, பெருவட்டத் தூரம் 300 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விமானம் 300 கி.மீ.தான் பறக்குமா? கிட்டத்தட்ட ஒருபோதும் இல்லை.

முதல் காரணம் ஓடுபாதை. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். காற்று எதிரே வந்தால் தரையில் குறைந்த தூரம் ஓடியே எழும்ப முடியும், குறைந்த தூரத்திலேயே நிற்கவும் முடியும். நீங்கள் கிழக்கே போக வேண்டும், காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது என்றால், விமானம் மேற்கு நோக்கி ஏறி, பிறகு திரும்பித்தான் கிழக்கே போகும். சேரும் இடத்திலும் இதே கதை நடக்கலாம். ஓடுபாதையைத் தாண்டிப் போய், வளைந்து, மறுமுனையிலிருந்து இறங்க வேண்டியிருக்கும். இந்தத் திருப்பங்களிலேயே பல கிலோமீட்டர் கூடிவிடும்.

இரண்டாவது, வானத்திலும் சாலைகள் இருக்கின்றன. விமானங்கள் வழிப்புள்ளி என்ற, வரைபடத்தில் பெயரிட்டுக் குறித்த இடங்களைத் தொட்டுத் தொட்டுப் போகும். ஏறுவதற்கென்று ஒரு பாதை, இறங்குவதற்கென்று ஒரு பாதை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். பரபரப்பான இடங்களில் வரும் விமானத்தையும் போகும் விமானத்தையும் பிரித்து வைக்க இதைவிட்டால் வழியில்லை. நெரிசல் இல்லாத நேரத்தில் கட்டுப்பாட்டு அறை "நேராகப் போய்க்கொள்" என்று அனுமதி தருவதும் உண்டு. நேற்று 50 நிமிடம், முந்தாநாள் 46 நிமிடம் என்று மாறுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, போகக் கூடாத இடங்கள். ராணுவப் பயிற்சி வான்பகுதி, உயர்ந்த மலைத்தொடர், இடிமேகம், மூடப்பட்ட நாட்டு எல்லை. இதில் கடைசி ஒன்று எவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரும் என்பதை 2022 காட்டியது. ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேர அளவில் இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமானது. இரு நகரங்களுக்கு இடையிலான பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. தூரம் காட்டும் தளங்கள் அன்றும் இன்றும் அதே எண்ணைத்தான் காட்டுகின்றன.

இந்தக் கூடுதல் தூரத்தைத் தோராயமாக மதிப்பிட ஒரு நல்ல விதி இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானங்கள் வெளியிடும் கரியமில வாயுவைக் கணக்கிடும்போது, பெருவட்டத் தூரத்தோடு ஒரு திருத்தம் சேர்க்கிறது. 550 கி.மீ.க்குக் குறைவான பயணம் என்றால் 50 கி.மீ., அங்கிருந்து 5,500 கி.மீ. வரை 100 கி.மீ., அதற்கும் மேல் 125 கி.மீ. எனக்கு இந்தத் திருத்தம் பிடித்திருப்பதற்குக் காரணம், குறுகிய பயணத்தின் குணத்தை இது ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. 5,000 கி.மீ. பயணத்தில் 100 கி.மீ. என்பது வெறும் 2 விழுக்காடு. 300 கி.மீ. பயணத்தில் 50 கி.மீ. என்பது ஆறில் ஒரு பங்கு.

இதுவரை பார்த்தது: தளங்கள் காட்டுவது பெருவட்டத் தூரம், அதாவது மிகக் குறுகிய சாத்தியமான பாதை. விமானம் பறப்பது அதைவிட நீளமான பாதை. பயணம் எவ்வளவு குறுகியதோ, அந்த வித்தியாசத்தின் பங்கு அவ்வளவு பெரியது.

எந்த நேரம்?

ஒரு விமானப் பயணத்தில் துறையினர் குறித்து வைக்கும் நான்கு கணங்கள் உண்டு. நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது ஒன்று, சக்கரம் தரையை விட்டு எழுவது இரண்டு, சக்கரம் மீண்டும் தரையைத் தொடுவது மூன்று, நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது நான்கு. பெரிய விமானங்களில் இவை தானாகவே பதிவாகிவிடுகின்றன.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்டது வான்நேரம். உண்மையிலேயே பறந்த நேரம் இது மட்டும்தான். பின்தொடரும் தளம் காட்டிய 50 நிமிடம் இதுவே.

முதலாவதற்கும் நான்காவதற்கும் இடைப்பட்டது பிளாக் நேரம். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வான்நேரத்தோடு, தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகும் நேரமும், இறங்கியபின் ஊர்ந்து நிறுத்துமிடத்துக்கு வரும் நேரமும் இதில் சேரும். இப்படித் தரையில் ஊர்வதை டாக்ஸி என்பார்கள். சின்ன விமான நிலையத்தில் டாக்ஸி சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய நிலையத்தில் வரிசையில் நின்று, ஓடுபாதையைத் தொடவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகலாம்.

கால அட்டவணையில் இருப்பது திட்டமிட்ட பிளாக் நேரம். அதில் இன்னொரு சேர்க்கையும் உண்டு, மெத்தை. அதாவது தாமதத்தை உள்வாங்குவதற்காக முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நிமிடங்கள். ஒரு விமானம் ஒரே நாளில் ஆறு, ஏழு முறை குறுகிய தடங்களில் போய்வரும். காலையில் வந்த பத்து நிமிடத் தாமதம் மாலைக்குள் ஒரு மணி நேரமாக வளரும். மெத்தை வைத்தால் அது அங்கங்கே உறிஞ்சப்பட்டுவிடும். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மெத்தை அதிகமானால் "சரியான நேரத்தில் வந்தோம்" என்ற கணக்கு அழகாகிவிடும் என்பது உண்மைதான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தாலே அது நேரத்துக்கு வந்த விமானம். ஆனால் மெத்தை வைப்பது நிறுவனத்துக்கும் செலவுதான். அட்டவணையில் கூட்டிவைத்த ஒவ்வொரு நிமிடமும் விமானமும் பணியாளர்களும் கட்டுண்டு கிடக்கும் நிமிடம். அதனால் நான் இதில் பெரிய சதி எதையும் பார்ப்பதில்லை.

இரு மடங்கு தூரம், இரு மடங்கு நேரம் இல்லை

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். 600 கி.மீ.க்கு இவ்வளவு நேரம் என்றால் 300 கி.மீ.க்கு அதில் பாதி என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது.

பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திக் காத்திருக்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், மூட வேண்டும், மெல்ல வேகமெடுக்க வேண்டும், வேகத்தைக் குறைத்து நிற்க வேண்டும், மறுபடி கதவு. ஒரு மாடி போனாலும் இவ்வளவும் உண்டு, பத்து மாடி போனாலும் இவ்வளவேதான். முழு வேகத்தில் ஓடும் நடுப்பகுதி மட்டும்தான் மாடிக் கணக்கில் கூடும். அதனால்தான் ஒரு மாடிக்குப் படியேறுபவர் லிஃப்ட்டை முந்திவிடுகிறார்.

விமானத்திலும் இப்படி ஒரு நிலையான பகுதி உண்டு. டாக்ஸி, ஏற்றம், இறக்கம், ஓடுபாதைக்கு நேராக வந்து சேரும் சுற்று. தூரம் 300 ஆனாலும் 3,000 ஆனாலும் இவை பெரிதாக மாறுவதில்லை. அத்தோடு ஏற்றமும் இறக்கமும் மெதுவானவை. பல நாடுகளில் 10,000 அடி உயரத்துக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று விதி. மணிக்கு 800 கி.மீ. ஓடக்கூடிய ஜெட் விமானமும் அங்கே அடக்கமாகத்தான் போக வேண்டும்.

உயரத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். ஜெட் விமானம் சிக்கனமாகப் பறப்பது 35,000 அடி அளவில். அந்த உயரத்திலிருந்து இறங்க விமானிகள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, 1,000 அடிக்கு 3 கடல் மைல். 35,000 அடி இறங்க 105 கடல் மைல், ஏறக்குறைய 195 கி.மீ. வேண்டும். ஏறுவதற்கும் நூறு கி.மீ.க்கு மேல் பிடிக்கும். 300 கி.மீ. பயணத்தில் ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டியதுதான். அதனால் குறுகிய தடங்களில் ஜெட் அவ்வளவு உயரத்துக்குப் போவதே இல்லை. 20,000 அடி அளவில் நின்றுகொண்டு, தனக்குப் பொருந்தாத அடர்ந்த காற்றில், அதிக எரிபொருள் குடித்துக்கொண்டு போகும்.

கடைக்கோடி உதாரணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே லோகனேர் நிறுவனம் நடத்தும் பயணம்தான் உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானச் சேவை. தூரம் சுமார் 2.7 கி.மீ. லண்டன் ஹீத்ரோவின் ஓடுபாதைகள்கூட இதைவிட நீளம். அட்டவணையில் 2 நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒருநாள் 53 நொடியில் முடித்த சாதனையும் உண்டு. 2 நிமிடத்தில் 2.7 கி.மீ. என்றால் சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ. தான், ஒரு கார் போகும் வேகம். அந்தக் குட்டி விமானத்தால் இதைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறக்க முடியும். ஆனால் பறக்க அங்கே இடம் எங்கே இருக்கிறது?

வேகம் என்றால் எந்த விமானத்தின் வேகம்?

பல தளங்களின் சூத்திரம் இதுதான்: பெருவட்டத் தூரத்தை மணிக்கு 500 மைலால், அதாவது 805 கி.மீ.யால் வகு, ஏறவும் இறங்கவும் 30 நிமிடம் கூட்டு. நாம் தொடக்கத்தில் பார்த்த 52 நிமிடம் இப்படி வந்தது. 300-ஐ 805-ஆல் வகுத்தால் 22 நிமிடம், கூட்டல் 30.

சூத்திரம் மோசமில்லை. ஜெட் விமானத்துக்கு வியக்கத்தக்க அளவு பொருந்தவும் செய்யும். சிக்கல், சின்ன விமான நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் ஓடுவது ஜெட் அல்ல, டர்போபிராப். ஜெட் எஞ்சின் போன்ற ஒரு சுழலியைக் கொண்டு முன்னால் இருக்கும் விசிறியைச் சுழற்றும் விமானம் அது. ஏடிஆர் 72 ஓர் உதாரணம். அதன் பயண வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான். ஒன்பது, பத்துப் பேர் போகும் செஸ்னா கேரவான் இன்னும் மெதுவானது, மணிக்கு 340 கி.மீ. அளவு.

ஏடிஆரை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். 300 கி.மீ. தூரத்தோடு திருத்தம் 50 சேர்த்தால் 350 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் 42 நிமிடம். ஏற்ற இறக்கத்தின் மெதுவுக்கு ஒரு 8 நிமிடம் சேர்த்தால் வான்நேரம் 50. டாக்ஸிக்கு இருபுறமும் சேர்த்து 15 என்றால் பிளாக் நேரம் 65 நிமிடம். அட்டவணையில் மெத்தையோடு 75. ஆக, கட்டுரையின் தொடக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மூன்று எண்களும் கிடைத்துவிட்டன. 8, 15, 10 ஆகிய மூன்றும் இடத்துக்கு இடம் மாறும் தோராய எண்கள்தான், ஆனால் அளவு இந்த அளவுதான்.

இதே தடத்தில் மணிக்கு 800 கி.மீ. ஜெட்டைப் போட்டால்? 350 கி.மீ.க்கு 26 நிமிடம், ஏற்ற இறக்கத்துக்கு 10, டாக்ஸி 15. மொத்தம் 51 நிமிடம். ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமான விமானம் மிச்சப்படுத்தியது 14 நிமிடம் மட்டுமே. அந்த 14 நிமிடத்துக்காக எரிபொருளை அள்ளிக் கொட்ட எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. "இந்தக் காலத்திலும் ஏன் விசிறி வைத்த விமானம்?" என்று முகம் சுளிக்கும் பயணிகளுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தூரத்தை 600 ஆக்கினால் ஏடிஆருக்கு 107 நிமிடம் ஆகும். தூரம் இரு மடங்கு, நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கும் கொஞ்சமும். ஆனால் தளத்தின் சூத்திரமோ 75 நிமிடம் என்று சொல்லும். அரை மணி நேரம் பிசகிவிட்டது. எந்த விமானம் என்று கேட்காமல் சொல்லும் நேரத்தை இந்த அளவுக்குத்தான் நம்பலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: குறுகிய பயணத்தின் நேரத்தில் ஒரு பெரும் துண்டு தூரத்தைச் சாராதது. மீதித் துண்டு விமானத்தின் வகையைச் சார்ந்தது. கி.மீ. எண் மட்டும் தெரிந்தால் போதாது.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்

விமானம் காற்றைப் பொறுத்துப் பறக்கிறது, தரையைப் பொறுத்து அல்ல. சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம் வான்வேகம். தரையோடு ஒப்பிட்ட வேகம் தரைவேகம். மணிக்கு 500 கி.மீ. வான்வேகத்தில் போகும் விமானத்துக்குப் பின்னாலிருந்து 100 கி.மீ. காற்று தள்ளினால் தரைவேகம் 600. எதிரே அடித்தால் 400. பயண நேரத்தைத் தீர்மானிப்பது தரைவேகம்.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 1,000 கி.மீ. போய், அதே காற்றில் திரும்பி வந்தால், போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நஷ்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். போட்டுப் பாருங்கள். போக 1 மணி 40 நிமிடம், வர 2 மணி 30 நிமிடம், மொத்தம் 4 மணி 10 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 4 மணி நேரம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. அதனால் போய்வரும் கணக்கில் காற்று எப்போதும் நஷ்டம்தான். அதே 100 கி.மீ. காற்று மணிக்கு 800 கி.மீ. ஜெட்டுக்கு மொத்தத்தில் இரண்டரை நிமிடம்கூடக் கூட்டாது. மெதுவான விமானத்தைக் காற்று அதிகம் ஆட்டிவைக்கும்.

ஜெட் பறக்கும் உயரத்தில் வேறொரு பூதம் இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் வேகமான காற்று ஆறு. மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வீசுவது அதற்குச் சாதாரணம். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று இந்த ஆற்றில் ஏறி, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைவேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. "ஒலியை மிஞ்சிவிட்டது" என்று அப்போது செய்தி பரவியது. மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

டர்போபிராப் தாழ்வாகப் பறப்பதால் இந்த ஆற்றின் நடுவே அது பெரும்பாலும் சிக்குவதில்லை. ஆனாலும் ஒரே தடத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் ஐந்து, பத்து நிமிடம் மாறி அட்டவணையில் இருந்தால் அது அச்சுப்பிழை இல்லை.

இல்லாத விமானத்துக்கும் நேரம் சொல்வார்கள்

எனக்குத் தெரிந்து மிக அதிகமானவர்களை ஏமாற்றும் விஷயம் இதுதான். தூரம் காட்டும் தளம் எந்த இரண்டு விமான நிலையத்தைக் கொடுத்தாலும் நேரம் சொல்லும். அவற்றுக்கிடையே விமானம் ஓடுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தது இரண்டு புள்ளிகள் மட்டும்.

சின்ன விமான நிலையங்களில் பலவற்றிலிருந்து ஒன்றிரண்டு பெரிய நகரங்களுக்கு மட்டும்தான் சேவை இருக்கும். இன்னொரு சின்ன நிலையத்துக்குப் போக, நடுவில் உள்ள பெரிய நிலையத்துக்குப் போய், விமானம் மாற வேண்டும். விமான மாற்றங்கள் குவியும் அந்தப் பெரிய நிலையத்தை மையநிலையம் என்போம். அ, ஆ என்ற இரு ஊர்களுக்கு இடையே 300 கி.மீ. அ-விலிருந்து மையநிலையம் 400 கி.மீ., அங்கிருந்து ஆ 450 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்பு போட்ட அதே கணக்கில், மெத்தையைச் சேர்க்காமலே, முதல் பயணம் 77 நிமிடம், இரண்டாவது 83 நிமிடம், நடுவே காத்திருப்பு ஒன்றரை மணி. மொத்தம் 4 மணி 10 நிமிடம். தளம் சொன்னதோ 52 நிமிடம்.

காத்திருப்பைச் சுருக்கிவிடலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுத்திருப்பார்கள். அதைவிடக் குறைவான இடைவெளியில் ஒரே டிக்கெட்டாகப் போட்டுத் தர மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரே விமானம் ஓடும் ஊர் என்றால் காத்திருப்பு இரவு முழுவதும் நீளவும் கூடும்.

நேரடிச் சேவை இருந்தும் நிலைக்காத தடங்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் அல்டென்ரைன், ஜெர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாஃபென் இரண்டும் கான்ஸ்டன்ஸ் ஏரியின் இரு கரைகளில், சுமார் 20 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. 2016 நவம்பரில் இவற்றுக்கிடையே ஜெட் விமானமே விட்டார்கள். பறக்கும் நேரம் 8 நிமிட அளவு. அது அடுத்து கொலோன் நகரத்துக்குப் போகும் விமானத்தின் முதல் கட்டம். சூழலியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், கூட்டமும் சேரவில்லை, சில மாதங்களிலேயே சேவை நின்றுபோனது. தளங்கள் அந்தத் தடத்துக்கு இன்றும் நேரம் சொல்லும்.

தனி விமானம் எடுத்துப் போனாலும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஏர்பஸ் ஏ320 அளவு விமானத்துக்குப் பொதுவாக 2,000 மீட்டர் அளவிலான ஓடுபாதை தேவைப்படும். சின்ன நிலையங்கள் பலவற்றில் அவ்வளவு நீளம் இருக்காது. இரவில் மூடிவிடும் நிலையங்களும் உண்டு.

கடிகாரம் செய்யும் மாயம்

அட்டவணையில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் உள்ளூர் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் உள்ளூர் நேரம். ஒரே நேர மண்டலத்துக்குள் இதனால் சிக்கல் இல்லை. எல்லையைத் தாண்டினால் ஒன்றைக் கழித்து மற்றதைக் கண்டுபிடிக்க முடியாது.

சமோவாவின் ஃபாலேயோலோ விமான நிலையத்திலிருந்து அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ சுமார் 150 கி.மீ. சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் சர்வதேசத் தேதிக் கோடு நடுவில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே தாண்டிக் குதித்து, சமோவா கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டது. இப்போது இரண்டுக்கும் 24 மணி நேர வித்தியாசம். ஞாயிறு பிற்பகல் கிளம்பினால் சனி பிற்பகல் இறங்குவீர்கள். திரும்பி வரும் பயணம் அட்டவணைப்படி ஒரு நாளுக்கும் மேல். இப்படிப்பட்ட தடங்களில் பயண நேரம் என்று நிறுவனம் தனியாகக் குறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்வதே வழி.

நீங்களே மதிப்பிட

முதலில் நேரடிச் சேவை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் எந்த வகை விமானம் என்பது முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டிருக்கும். ஏடிஆர் என்றால் மணிக்கு 500, அதே வகையில் கொஞ்சம் வேகமான டேஷ் 8 க்யூ400 என்றால் 650, ஜெட் என்றால் 800 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். பெருவட்டத் தூரத்தோடு 50 அல்லது 100 கி.மீ. சேர்த்து, வேகத்தால் வகுத்து, ஏற்ற இறக்கத்துக்கு ஒரு பத்து நிமிடம், டாக்ஸிக்குப் பதினைந்து நிமிடம் கூட்டினால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். புறப்படுவதோ சேர்வதோ பரபரப்பான பெரிய நிலையம் என்றால் டாக்ஸி நேரத்தைத் தாராளமாகவே போடுங்கள்.

இதைவிட நம்பகமானது, ஏற்கெனவே பறந்த விமானங்களின் பதிவு. பின்தொடரும் தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களின் உண்மை நேரங்கள் வரிசையாக வரும். அதில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் திசைக்கான விமான எண்ணா என்று சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் திரும்பி வரும் விமானத்துக்கு வழக்கமாக வேறு எண் இருக்கும். நீங்கள் போகப்போவது ஆறு மாதம் கழித்து என்றால், முடிந்தவரை அதே பருவத்தின் பழைய பதிவைப் பாருங்கள். காற்றின் திசையும் வலுவும் பருவத்தோடு மாறும்.